சிவப்பு எரிஞ்சா ஓடுதா, நிக்குதா?

1996, ஆடி மாதம். ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அன்று ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன். மெயின் பேனலுக்குள் பஸ்பார் ஜாயிண்ட் ஒன்று சூடேறிச் சுற்றிலும் கருகிப்போயிருந்தது. அதைப் பிரித்துத் தேய்த்து முறுக்க வேண்டும். ஸ்பேனரோடு பேனலின் பின்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டார்களா என்று முன்பக்கம் போய்ப் பார்த்து வரச் சொல்லி ஹெல்பரை அனுப்பினேன். ஐ.டி.ஐ. முடித்து மூன்று மாதம்கூட ஆகாத பையன். போன வேகத்தில் திரும்பினான்.

"செவப்பு எரியுதுணா. நின்னுடுச்சு."

டெஸ்ட் லேம்பு வைத்துப் பார்க்காமல் பெற்ற தாயே சொன்னாலும் பஸ்பாரைத் தொடாதே என்று என் மேஸ்திரி சொல்லியிருந்தார். இரண்டு பல்பை சீரியலில் கட்டி, இரண்டு ஒயரை நீட்டிவிட்ட சாதாரண சாமான்தான் அது. அதை வைத்தேன். இரண்டு பல்பும் பளிச்சென்று எரிந்தன. 415 வோல்ட் உயிரோடு இருந்தது. என் வலது கையில் இருந்த ஸ்பேனருக்கும் அந்தச் செம்புப் பட்டைக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

பையன் பொய் சொல்லவில்லை. சிவப்பு எரிந்தது நிஜம். ஷாப்பில் அவன் பார்த்த எல்லா மெஷினிலும் பச்சை எரிந்தால் ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது அல்லது கோளாறு. ரோட்டு சிக்னலும் அப்படித்தான். ஆனால் மெயின் பேனல் மின்வாரியத்துக்காரர்கள் வழக்கப்படி செய்தது. சப்ஸ்டேஷனில் சிவப்பு என்றால் பிரேக்கர் ஆன், லைனில் கரண்ட் இருக்கிறது, ஆபத்து. பச்சை என்றால் ஆஃப், கிட்டே போகலாம். இரண்டு வழக்கத்துக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஒரே கூரைக்குக் கீழே நாற்பதடி தூரத்தில் இரண்டும் இருந்தன, இங்கிருந்து அங்கே போனால் நிறத்துக்கு அர்த்தம் மாறும் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரெஜிஸ்டரில் நான் எழுதியது: 'ஹெல்பர் கவனக்குறைவு.'

அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அந்த ரெஜிஸ்டரில் நான் எழுதியவற்றில் பாதி அப்படித்தான். பிரேக்டவுன் ரெஜிஸ்டரில் மெஷின் நம்பர், நின்ற நேரம், ஓடிய நேரம், காரணம் என்று கட்டங்கள் இருக்கும். காரணக் கட்டம் சின்னது. அதில் அடங்குகிற மாதிரி எழுத சௌகரியமான வார்த்தை 'ஆபரேட்டர் தப்பு'. மெயின்டனன்ஸ் ஆள் எழுதினால் புரொடக்ஷன் ஆள் கேள்வி கேட்கமாட்டார், மேனேஜர் கையெழுத்துப் போடுவார், எல்லாரும் டீ குடிக்கப் போகலாம்.

எனக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, காட்டை ஒட்டின கிராமம். ஓசூருக்கு வந்தபோது அது இன்னும் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு மெஷின் என்றால் ராகி அரைக்கிற மில்லும் கிணற்று மோட்டாரும். 1980-ல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் ஓசூருக்கு வந்து, 1987-ல் டைட்டன் வாட்ச்சும் ஓடத் தொடங்கிய பிறகு, அவர்களுக்கு நட்டு, பிராக்கெட், கேஸ்கட் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன பட்டறைகள் ரோட்டின் இரண்டு பக்கமும் முளைத்துவிட்டன. ராகிக் களத்திலிருந்து நேராக வந்து லேத்தில் நின்ற தலைமுறை எங்களுடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கன்னடம் பேசுகிறவன், உருது பேசுகிறவன், தமிழ் பேசுகிறவன் எல்லாரும் ஒரே ஷிப்டில் இருப்பார்கள். பேனலில் எழுதியிருப்பது இங்கிலீஷ்.

பவர் பிரஸ்ஸில் 'இன்ச்' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் ராம் கொஞ்சம் நகரும், விட்டால் நின்றுவிடும். டை செட் பண்ணும்போது இஞ்சிஞ்சாக இறக்கிப் பார்ப்பதற்கானது. புதிதாக வந்த பயிற்சிப் பையன் ஒருவன் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஒரு இஞ்ச் எறங்கலயே, அரை இஞ்சுதான் எறங்குது, ரிப்பேரா?" என்று கேட்டான். ஷாப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஷாப்பில் இஞ்ச் என்று படித்ததை இஞ்ச் என்றே எடுத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. மற்ற நாங்கள் யாரும் அதைப் படித்ததே இல்லை. மேலிருந்து மூன்றாவது கறுப்புப் பட்டன் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

என் சொந்தத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து பழைய கிரைண்டிங் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. நம் ஊர் வழக்கத்தில் மூன்று பேஸ் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு. ஐரோப்பிய மெஷினில் நியூட்ரல்தான் நீலம், கறுப்பு பேஸ். கண்ணாடியில் பார்த்த மாதிரி நேர் தலைகீழ். மேனுவல் ஜெர்மன் மொழியில் இருந்தது. நான் நீலத்தை நீலத்தோடும் கறுப்பைக் கறுப்போடும் ரொம்ப ஒழுங்காக லக் அடித்து முறுக்கினேன். சுவிட்சைப் போட்டதும் 230 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 415 போய், பவர் சப்ளை கார்டு ஒன்று புஸ்ஸென்று புகைந்தது. நிறத்துக்கு நிறம் சேர்த்ததுதான் நான் செய்த குற்றம். 'காரணம்' கட்டத்தில் அன்றைக்கு என்ன எழுதினேன் தெரியுமா? 'இன்கமிங் சப்ளை கோளாறு.' அடுத்தவன் தப்பென்றால் ஆள் பெயர், நம் தப்பென்றால் கரண்ட் பெயர்.

இதெல்லாம் சிரித்துச் சொல்லக்கூடியவை. அடுத்ததைச் சொல்வதற்கு எனக்கு ரொம்ப நாள் ஆனது.

1999-ல் கம்பெனி வேலைக்கு நடுவே, மேஸ்திரியோடு சேர்ந்து வெளியே சின்னப் பட்டறைகளுக்கு பேனல் வயரிங் செய்துகொடுத்தோம். ஒரு பிரஸ் ஷாப்புக்கு இரண்டு கை பட்டன் போட்டுக் கேட்டார்கள். ஒரு கையால் தட்டுகிற பிரஸ்ஸில் இன்னொரு கை டைக்குள் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் ராம் இறங்கும் என்று வைத்துவிட்டால் கை தப்பிக்கும், கணக்கு அவ்வளவுதான். நான் இரண்டு பட்டனையும் சீரியலில் கட்டிக் கொடுத்தேன். காசுக்கு ஏற்ற வேலை. பட்டன் பெட்டிகளை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. ஃபிரேமில் துளை போட எங்கே வசதியோ அங்கே, தோள் உயரத்தில், இரண்டுக்கும் நடுவே மூன்றடி இடைவெளியில் வைத்தோம்.

அந்த பிரஸ்ஸில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை தட்டு என்று நினைக்கிறீர்கள்? நான்காயிரம். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பையன் ஒருவன் அதில் நின்றான். நான்காயிரம் தடவை இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி விரித்து அழுத்த வேண்டும். சிலுவையில் அறைந்த மாதிரி ஒரு நிலை. மூன்றாவது நாளே சைக்கிள் டியூபில் ஒரு பட்டை கிழித்து இடது பட்டனை அழுத்தின வாக்கிலேயே கட்டிவிட்டான். சீரியல் வயரிங்தானே, ஒன்று எப்போதும் அழுந்தியே இருந்தாலும் மற்றதைத் தட்டினால் ராம் இறங்கும். இடது கை சும்மா இருந்தது. சும்மா இருக்கிற கை பீஸை எடுக்கத்தான் போகும்.

பத்து நாள் கழித்து ஏதோ ரிலே மாற்ற அங்கே போனேன். டியூபைப் பார்த்தேன். பார்த்து, "டேய், ஓனர் பாத்தா திட்டப் போறாரு, அவுத்துடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

ஒன்றரை மாதத்தில் அவனுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது என்னைக் கண்டதும் அவனே முதலில் சொன்னான்: "தப்பு என்துதான்ணா. நீங்க அன்னிக்கே சொன்னீங்க."

அந்தச் சைக்கிள் டியூபை நான் சரியாகப் படித்திருக்க வேண்டும். பட்டன் உயரம் தப்பு, இடைவெளி தப்பு, வயரிங் தப்பு என்று மூன்றையும் எழுதி என் கண்ணுக்கு முன்னால் கட்டி வைத்திருந்தான். எழுதினது ரப்பரில் என்பதால் எனக்குப் புரியவில்லை. இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் இரண்டையும் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த தட்டு விழாது என்கிற மாதிரி ரிலே அப்போதே கடையில் கிடைத்தது. விலை கொஞ்சம் கூட. பட்டனை இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வர காசே ஆகாது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் ஆபத்தான பாகங்களுக்கு அரண் வேண்டும் என்று 21-வது பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. நானும் என் பங்குக்கு அரண் போட்டுத்தான் இருந்தேன், அதற்குள்ளே எட்டு மணி நேரம் மனுஷனால் நிற்க முடியாது என்பதுதான் குறை. ஆட்டோ பாகப் பட்டறைகளில் விரல் போகிற கணக்கை 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் அறிக்கையாகப் போட்டு வருகிறது. வடக்கே ஹரியானாப் பக்கத்துக் கதைகள்தான் அதில் அதிகம். அங்கேயும் முதல் குற்றவாளி பவர் பிரஸ்.

அதற்குப் பிறகு எந்த ஷாப்புக்குள் போனாலும் மீட்டரை எடுப்பதற்கு முன் நான் தேடுவது ஆபரேட்டர் ஒட்டினது, கட்டினது, கிறுக்கினதை. பிரஷர் கேஜ் கண்ணாடியில் சாக்பீஸ் கோடு. ஒரே மாதிரி இருக்கிற இரண்டு செலக்டர் சுவிட்சில் ஒன்றுக்கு மட்டும் இன்சுலேஷன் டேப். எமர்ஜென்சி பட்டனைச் சுற்றி வெட்டி மாட்டின பிளாஸ்டிக் டப்பா: முழங்கை பட்டு அடிக்கடி நின்றுபோகிறது என்று அர்த்தம். லிமிட் சுவிட்சில் சொருகின தீப்பெட்டி. கதவு திறந்தால் மெஷின் நிற்க வேண்டும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று கதவைத் திறக்காமல் பார்க்க வழியில்லை, கண்ணாடி முழுக்கக் கூலண்ட் எண்ணெய், அதனால் தீப்பெட்டி. சேஃப்டி ஆபீசர் வந்தால் இதையெல்லாம் பிடுங்கி எறிவார். நான் முதலில் ஒரு நோட்டில் வரைந்துகொள்கிறேன்.

டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. அந்தக் காலத்தில் ஓசூரில் பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் கொடுக்கிற சின்னப் பட்டறைகளிலும் ஜப்பான் வார்த்தைகள் புழங்க ஆரம்பித்தன. கைசன், கன்பன், போகா யோக்கே. ஒரு பயிற்சி வகுப்பில் என்னையும் உட்கார வைத்தார்கள். பாதி நேரம் தூக்கம்தான். ஷிகியோ ஷிங்கோ என்கிற ஜப்பானிய இன்ஜினியரின் கதை வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

1961-ல் ஒரு சுவிட்ச் தொழிற்சாலை. இரண்டு பட்டன் உள்ள சின்ன சுவிட்ச், ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். வேலையாட்கள் சில சமயம் ஸ்பிரிங் வைக்க மறந்துவிடுவார்கள். இன்னும் கவனமாக இரு என்று திட்டிப் பயனில்லை. ஷிங்கோ ஒரு சின்னத் தட்டு வைக்கச் சொன்னார். டப்பாவிலிருந்து முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் போடு, பிறகு தட்டிலிருந்து எடுத்து மாட்டு. மாட்டி முடித்தும் தட்டில் ஒன்று கிடந்தால் மறந்துவிட்டோம் என்று அங்கேயே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு அவர் முதலில் வைத்த பெயர் பாகா யோக்கே. பாகா என்றால் முட்டாள். முட்டாள் செய்தாலும் தப்பாகாத ஏற்பாடு என்று பொருள். 1963-ல் வேறொரு தொழிற்சாலையில் இதைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, நான் என்ன அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். அதன் பிறகுதான் பெயரை போகா யோக்கே என்று மாற்றினார். போகா என்றால் கைப்பிசகு, யாருக்கும் நடக்கிறது.

வகுப்பு எடுத்தவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். நான் அந்தப் பெண்ணிடமே நின்றுவிட்டேன். பதினோரு வருஷமாக நான் ரெஜிஸ்டரில் 'பாகா' என்றுதான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2005-ல் வேலையை விட்டுச் சொந்தமாக பேனல் பட்டறை வைத்தேன். கம்பெனி ஆர்டரைவிட விவசாயிகள் ஆர்டர்தான் முதலில் வந்தது. சூளகிரி, ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த காலம். சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஆட்டோ பேனல் கேட்பார்கள். மும்முனைக் கரண்ட் நடுராத்திரிதான் வரும். வந்ததும் மோட்டார் தானாக எடுக்க வேண்டும்.

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு அக்கா. புருஷன் இல்லை, பையன் பெங்களூரில். இரண்டு ஏக்கர் தக்காளி நட்டிருந்தார். அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் மோட்டார் கொட்டகை தெரியும். "லைட்டு நல்லா பெருசா வச்சுடுப்பா, நான் இங்கருந்தே பாத்துக்கறேன்" என்றார். வைத்தேன். வெளியே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, பெரிய பச்சை லைட்டு. எரிந்தால் மோட்டார் ஓடுகிறது என்று சொல்லிக் கொடுத்தேன்.

சித்திரை வெயிலில் போன் வந்தது. நாற்று வாடுகிறது, வந்து பார். போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "லைட்டு எரிஞ்சுதுப்பா. மூணு ராத்திரியும் எரிஞ்சுது. எரிஞ்சா ஓடுதுன்னுதானே நீ சொன்ன?"

பேனலைத் திறந்தேன். கான்டாக்டருக்குள் ஒரு பல்லி. காயிலுக்கு சப்ளை வந்ததும் இரும்பு இழுபடும், அந்த இடுக்கில் பல்லி மாட்டி நசுங்கி, கான்டாக்ட் முழுசாக மூடவில்லை. மூடாத கான்டாக்டரில் காயில் சூடேறி எரிந்துபோயிருந்தது. மோட்டார் மூன்று நாளாக ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. சொட்டுநீர்க் குழாய், மேலே மல்ச்சிங் ஷீட். தண்ணீர் வருகிறதா இல்லையா என்று வெளியே தெரியாது. பல்லி விழுந்த பலன் பஞ்சாங்கத்தில் தலைக்கு, தோளுக்கு, காலுக்கு எல்லாம் போட்டிருக்கிறது, கான்டாக்டருக்குப் போடவில்லை.

லைட்டு ஏன் எரிந்தது? நான் அதைக் காயிலோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். காயிலுக்குப் போகிற சப்ளைதான் லைட்டுக்கும். ஆக அந்த லைட்டு சொன்னது 'மோட்டாரை ஓடச் சொல்லியாகிவிட்டது' என்பதை மட்டும். ஓடியதா என்பது அதற்குத் தெரியாது. கான்டாக்டரோடு சேர்ந்து அசைகிற துணைக் கான்டாக்டிலிருந்து எடுத்திருந்தால் கான்டாக்டர் மூடியதா என்று சொல்லியிருக்கும். மோட்டாருக்குப் போகிற கேபிளில் கரண்டை உணர்கிற ஒரு சி.டி. மாட்டி, கரண்ட் இழுத்தால்தான் எரியும் என்று வைத்திருந்தால் நிஜமாகவே ஓடுகிறதா என்று சொல்லியிருக்கும். மூன்றும் வெளியே பார்க்க ஒரே பச்சை லைட்டு. எங்கிருந்து ஒயர் எடுக்கிறோம் என்பதில்தான் பொய்யும் மெய்யும்.

இதே பொய் உலகத்தின் பெரிய விபத்து ஒன்றிலும் இருக்கிறது என்று பிறகு படித்தேன். 1979 மார்ச் 28, அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தத்தை வெளியேற்றுகிற வால்வு ஒன்று திறந்துவிட்டு மூடாமல் மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ வால்வு மூடியதைக் காட்டவில்லை, மூடச் சொல்லி சிக்னல் போனதை மட்டும் காட்டியது. விளக்கைப் பார்த்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பி, தண்ணீர் அதிகமாக இருக்கிறதென்று உள்ளே போகிற தண்ணீரையும் குறைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வால்வு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, உலையின் ஒரு பகுதி உருகியது. அங்கே பல்லி இல்லை என்பதைத் தவிர, ராயக்கோட்டைக் கதைதான்.

அக்காவுக்கு நாற்றுக் காசைக் கொடுத்தேன். வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் போட்ட எல்லா பேனலுக்கும் பைக்கில் போய் லைட்டு ஒயரை மாற்றிக் கட்டிவிட்டு வந்தேன். கேட்டவர்களிடம் சர்வீஸ் என்று சொன்னேன்.

எல்லைப் பக்கத்துக்கு என்று தனி வினை ஒன்றும் உண்டு. போன் போட்டால் மோட்டார் எடுக்கிற சிம் கார்டு ஸ்டார்ட்டர் வந்தபோது பாகலூர், பேரிகைப் பக்கம் சிலருக்கு மாட்டினேன். தமிழ்நாட்டு சிம். கொட்டகைக்குள் இருக்கிற பெட்டிக்குக் கர்நாடக டவர்தான் பலமாக எடுக்கும். போன் என்றால் நாம் பார்த்து மாற்றிக்கொள்வோம். பெட்டிக்கு ஸ்கிரீனே கிடையாது. தன் நிலத்தில் கிடக்கிற தன் மோட்டாருக்கு ரோமிங் கட்டி, பேலன்ஸ் தீர்ந்து, விவசாயி கட்டிலில் படுத்தபடி போன் போட்டால் ஒரு பெண் குரல் கன்னடத்தில் பதில் சொல்லும். "எங்க மோட்டாரு கர்நாடகாவுக்கு ஓடிப் போயிடுச்சு" என்று ஒருவர் என்னிடம் முறையிட்டார். ரோமிங் காசு ஒழிந்த பிறகுதான் அந்த மோட்டார்கள் ஊர் திரும்பின.

வீட்டுக்குள்ளேயும் இதுதான் கதை. நான் ஓசூரில் வீடு கட்டியபோது ஊரிலிருந்து அம்மா வந்து தங்கினார். ஒருநாள் சாயங்காலம் வந்தால் வீடு இருட்டு. கதவோரம் இருக்கிற எம்.சி.பி. எல்லாவற்றையும் அம்மா கீழே தள்ளி வைத்திருந்தார். "கரண்டு இல்லடா, நானும் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன்" என்றார். நம் ஊர் சுவிட்சில் கீழே தட்டினால் ஆன். இத்தனை வருஷமாக அவர் கைக்குத் தெரிந்தது அதுதான். எம்.சி.பி.யில் மேலே தள்ளினால் ஆன். இரண்டும் ஒரே சுவரில், ஒன்றரை அடி தள்ளி. மாட்டினது வேறு யார்? ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிற நான்தான்.

கேஸ் அடுப்புக் குமிழைத் திருப்பினால் முதலில் பெருந்தீ, அதையும் தாண்டித் திருப்பினால் சிம். பேங்க் கண்ணாடிக் கதவில் இழுக்கிற கைப்பிடி, ஆனால் தள்ள வேண்டும். இதற்கென்றே அமெரிக்கக்காரர் டொனால்ட் நார்மன் 1988-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், படித்த என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட கதவுகளுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்களாம், பாவம். என் மனைவி புத்தகமெல்லாம் எழுதவில்லை. ஹாலில் நான் வரிசையாக மாட்டின எட்டு வெள்ளை சுவிட்சில் ஃபேன் எது லைட் எது என்று மூன்று நாள் தட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது நாள் ஃபேன் சுவிட்சில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டாள். பாத்ரூம் கீசருக்குச் சிவப்புப் பொட்டு. விருந்தாளிக்குக்கூட விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது என் பட்டறையிலிருந்து போகிற பேனல் பெரும்பாலும் டச் ஸ்கிரீன். கேட்கிறார்கள், செய்கிறோம். எனக்கு அதில் பாதி மனசுதான். பட்டனைப் பார்க்காமல் தடவிக் கண்டுபிடிக்கலாம், ஸ்கிரீனைத் தடவினால் ஏதாவது ஓடிவிடும். எண்ணெய்க் கையோ கிளவுசோ என்றால் பத்துத் தட்டுக்கு ஒன்று எடுக்கும். இன்று ஷிப்டில் நிற்பவர்கள் ஒடிசா, பீகார், அஸ்ஸாம் பையன்கள். ஸ்கிரீனில் ஐந்து மொழி போட முடியும் என்பது உண்மை, அது நல்லதுதான். மொழியை மாற்றுகிற மெனு இங்கிலீஷில், நாலு பக்கம் உள்ளே, பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருந்தது. ஒரு பையன் பாஸ்வேர்டைப் பேனாவால் ஸ்கிரீன் விளிம்பிலேயே எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த பேனலில் மொழியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பேனலோடு கூடவே ஒரு ரோல் சிவப்பு டேப்பும் ஒரு மார்க்கர் பேனாவும் கொடுத்துவிடுவேன். எது வேண்டுமோ ஒட்டிக்கோ, எழுதிக்கோ, ஓனர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல். ஒரு மாதம் கழித்துப் போய் போட்டோ எடுத்து வந்து, அதன்படி டிராயிங்கை மாற்றுவேன்.

போன ஐப்பசியில் பேகேபள்ளியில் ஒரு பட்டறைக்குப் போனேன். பத்துப் பட்டன் பேனல். டேப் எதுவும் இல்லை. மேல் வரிசையில் வலது ஓரத்துப் பட்டனில் மட்டும் விரலால் தேய்த்த மாதிரி குங்குமம். எனக்குக் கை பரபரத்தது. அது ஹைட்ராலிக் பம்ப் ஸ்டார்ட். பக்கத்தில் இருக்கிற கிளாம்ப் பட்டனோடு குழம்புகிறதா, உயரம் எட்டவில்லையா, அல்லது இதைத்தான் முதலில் அழுத்த வேண்டும் என்று அடுத்த ஷிப்டுக்கு அடையாளமா? மூன்று கோணத்தில் போட்டோ எடுத்துவிட்டு ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். பர்கூர்ப் பையன்.

"தம்பி, இந்தப் பட்டனுக்கு மட்டும் எதுக்கு குங்குமம்?"

"ஆயுத பூஜைக்கு வச்சதுண்ணா."

"மத்த ஒம்போதுக்கு?"

"தீந்துடுச்சுண்ணா."